குழம்புக்கா, கொஞ்சவா? கோழி வந்த அன்றே பேசிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பெரம்பூர் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். வீட்டுக்குப் பின்னால் ஐந்து பெட்டையும் இரண்டு சேவலும் வளர்க்கிறாராம். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய அம்மாவோ, "வளர்த்தது எதுக்கு, அறுத்துத் தின்னத்தானே" என்கிறாராம். வீட்டில் தினமும் சண்டை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்களில் ஒருவர், கோழி தின்பதே பாவம் என்கிறார். இன்னொருவர், கோழிக்குப் பெயர் வைத்துக் கொஞ்சுவது வசதி வந்தவர்களின் பொழுதுபோக்கு என்கிறார். இரண்டு பேரில் ஒருவர்கூடக் கோழி எச்சம் வாரியவராகத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வேண்டாத இடத்தை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது திருவொற்றியூர் காலடிப்பேட்டை. வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதே கொல்லையில் கோழி இருந்தது. மாமியார் போன பிறகும் இருக்கிறது. முட்டை விற்றிருக்கிறோம், குழம்பு வைத்திருக்கிறோம், வயதாகிச் செத்ததை முருங்கை மரத்தடியில் புதைத்தும் இருக்கிறோம். ஆகவே இரண்டு கட்சிக்காரர்களிடமும் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தின்பதா வளர்ப்பதா என்பதைக் கோழி வளர்ந்த பிறகு உட்கார்ந்து பேசினால் சண்டைதான் வரும். குஞ்சு வாசலுக்குள் வருகிற அன்றே பேசி முடித்துவிட வேண்டும். முடிவு சொல்ல வேண்டியவர் தினமும் கூட்டைக் கழுவுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்து, "ஒன்றரைக் கிலோ தேறுமா" என்று கேட்கிறவருக்கு அதில் ஓட்டு கிடையாது. செல்போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறவருக்கும் கிடையாது.

எங்கள் வீட்டில் மாமியார் போட்ட சட்டம்தான் இன்னும் நடக்கிறது. அடை உட்கார்ந்து ஒரு தடவையாவது குஞ்சு பொரித்த பெட்டையை அறுக்கக் கூடாது. முட்டை நின்றுபோனாலும் அது சாகிறவரை இங்கேதான் இருக்கும். சேவலில் ஒன்று மட்டும் தங்கும். மற்றதெல்லாம் கூவிப் பழகுகிற வயதில், ஐந்தாறு மாதத்தில், சட்டிக்குப் போய்விடும். சட்டிக்குப் போகிறதற்குப் பெயர் வைப்பதில்லை. செவலை, காகம், கொக்கு வெள்ளை என்று நிறத்தைச் சொல்வதோடு சரி. பிள்ளைகள் ஏதாவது ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டால், "அது விருந்தாளிடா, போயிடும்" என்று மாமியார் அப்போதே சொல்லிவிடுவார். கேட்கக் கடுமையாக இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுததில்லை.

மாமியார் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பெட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை அடை வைக்கிறோம். இருபத்தோராம் நாள் பொரிக்கும். காக்கா, பருந்து, பூனை, பெருச்சாளி எல்லாம் பங்கு கேட்டது போக மிஞ்சுவதில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். இரண்டாவது சேவலுக்குக் கழுத்து மயிர் சிலிர்க்கிற வயது வந்ததும் கொண்டையில் ரத்தம் பார்க்காமல் ஓயாது. சேவல் அதிகமானால் பெட்டைகளுக்கும் நிம்மதி இல்லை. மிதித்து மிதித்து முதுகு மயிரெல்லாம் கொட்டி, தோல் சிவந்து கிடக்கும். எல்லாவற்றையும் செல்லமாகவே வளர்ப்பேன் என்று அடை வைக்கிறவர், அடுத்த வருஷம் சேவல் பஞ்சாயத்துதான் தீர்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே தின்ன மனசில்லாதவர்கள் முதலில் அடை வைப்பதை நிறுத்த வேண்டும். சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். இதைச் சொன்னால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் நம்புவதில்லை. அந்த முட்டையில் குஞ்சு வராது, அவ்வளவுதான். ஆம்லெட்டுக்கு அது தெரியப் போவதில்லை. நாலு பெட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, முட்டையை அன்றன்றைக்கே எடுத்துவிட்டால் செல்லமாக வளர்க்கிற ஆசையும் நிறைவேறும், சேவல் தொல்லையும் இல்லை. அடைக்கு உட்கார்ந்துவிட்டால் சிலர் மூக்கில் இறகைக் குத்திவிடுவார்கள், தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அதெல்லாம் வேண்டாம். அடியில் காற்றுப் போகிற கம்பிக் கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் விட்டால் தானாக அடை தெளிந்துவிடும்.

அதே நேரத்தில் செல்லம் என்று முடிவு செய்கிறவர் வருஷக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்டுப் பெட்டை ஆறு, ஏழு வருஷம் சாதாரணமாக இருக்கும். நன்றாக முட்டையிடுவது முதல் இரண்டு மூன்று வருஷம். மீதி வருஷமெல்லாம் நொய்யும் கம்பும் போட்டு, மழையில் கூட்டைத் தார்ப்பாய் போட்டு மூடி, காலில் கட்டி வந்தால் மஞ்சள் பத்துப் போட்டுச் சும்மா வைத்துக்கொள்ள வேண்டியதுதான். என் வீட்டில் இப்போது அப்படி ஒரு கிழவி இருக்கிறது. காலை வெயிலுக்கு மெஷின் பக்கத்தில் வந்து உட்காரும். அதனால் எனக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது. தைத்து வெட்டிப் போடுகிற நூல் துண்டு கோழி விரலில் சுற்றிக்கொள்ளும். நடக்க நடக்க இறுகி, ரத்தம் போகாமல் விரல் கறுத்துவிடும். பிரிக்க வராது, பிளேடு முனையால் ஒவ்வொரு இழையாக அறுத்து எடுக்க வேண்டும். தையல் வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள் நூலைத் தரையில் விடாதீர்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சட்டத்தையும் ஒரு கோழி உடைத்தது. சைக்கிளில் கூடை கட்டி ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றிய குஞ்சு விற்க வருவார்களே, பழைய பிளாஸ்டிக் குடத்துக்குக்கூடத் தருவார்கள், அவரிடம் என் பேத்தி ஒரு ரோஸ் குஞ்சு வாங்கிவிட்டாள். இந்தக் கலர் குஞ்சுகளில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பண்ணைகளுக்காகக் குஞ்சு பொரிக்கிற இடங்களில் கழித்துவிட்ட ஆண் குஞ்சுகள். முட்டையும் போடாது, பிராய்லர் மாதிரி சதையும் வைக்காது என்பதால் அங்கே அதற்கு இடமில்லை. தாய்ச் சூடு இல்லாததால் வாங்குகிற வீட்டிலும் பல குஞ்சுகள் ஒரு வாரம் தாண்டுவதில்லை. அட்டைப்பெட்டியில் குண்டு பல்பு தொங்கவிட்டு இதை எப்படியோ காப்பாற்றினோம். இறக்கை முளைக்க முளைக்க உள்ளிருந்து வெள்ளை வந்தது. கொஞ்ச நாள் தலை மட்டும் ரோஸ், உடம்பெல்லாம் வெள்ளை என்று பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. பேத்தி ரோஸி என்று பெயர் வைத்தாள். அந்த ரோஸி ஒருநாள் விடியற்காலை கூரை ஏறிக் கூவியது.

ஏற்கெனவே செவலைச் சேவல் ஒன்று இருந்தது. இரண்டும் மோதிக்கொண்டதில் ரோஸிக்குக் கண்ணோரம் கிழிந்துவிட்டது. "ஆயா, ரோஸி தோத்துச்சுன்னு அத்த அறுத்துடுவியா?" என்று பேத்தி கேட்டாள். நியாயமாகப் பார்த்தால் செவலைதான் நல்ல சேவல், நாட்டு ரகம், நோய் தாங்கும். ஆனால் பெயர் வைக்க விட்டது நாங்கள் பெரியவர்கள். அதை இப்போது மாற்ற முடியாது. செவலையைத்தான் அறுத்தோம். பேத்தியும் இரண்டு துண்டு போட்டுக்கொண்டாள். சாப்பிட உட்காருவதற்கு முன்னால் கொல்லைக்குப் போய் ரோஸியைக் கூடை போட்டு மூடிவிட்டு வந்தாள். அது பார்க்கக் கூடாதாம். பெரம்பூர் வாசகரின் பிள்ளைகளுக்கும் இவ்வளவு விவரம் இருக்கும். அவர்களிடம் நேரே பேசலாம், ராத்திரியோடு ராத்திரியாகச் சேவலைக் கறிக்கடைக்கு அனுப்பிவிட்டு "ஓடிப்போச்சு" என்று சொல்ல வேண்டாம்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் பாகுபாடு புதிதும் இல்லை. மொட்டை மாடியில் கூண்டு கட்டிப் பந்தயப் புறா வளர்க்கிற வீடுகள் எத்தனை! போட்டிப் புறா திரும்பி வரத் தாமதமானால் வானத்தைப் பார்த்தபடி சோறு தண்ணீர் இல்லாமல் நிற்கிற ஆள், மத்தியானம் கோழி பிரியாணி கேட்பார். அதில் யாரும் குற்றம் காண்பதில்லை.

தின்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. வீட்டுக் கோழியை அறுக்க எங்கள் பக்கம் பெரும்பாலும் பாய் கடைக்குத்தான் கொண்டு போவோம். காலைக் கட்டி, சைக்கிள் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு போகிறார்கள் பாருங்கள், அது எனக்கு ஆகாது. இவ்வளவு மாதம் உங்கள் கையில் தீனி தின்றதைக் கடைசி அரை மணி நேரம் அப்படித் துன்பப்படுத்துவானேன்? ஒரு கூடையில் வைத்துத் துணி போட்டு மூடினால் சத்தமில்லாமல் வரும். முந்தின ராத்திரி தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். அறுப்பது மற்ற கோழிகளின் கண்ணில் படாமல் இருக்கட்டும். இளசாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். முற்றின சேவலை வைத்துக்கொண்டு குக்கரைத் திட்டிப் பயனில்லை. மயிர் பிடுங்கி, மஞ்சள் தடவி, தீயில் வாட்டி எடுக்கிறபோது வருகிற அந்த வாசனைக்கு ஆசைப்படுகிறவள்தான் நானும், மறைக்கவில்லை. சளி பிடித்தால் வெடக்கோழி ரசம் வைக்காத வீடு எங்கள் தெருவில் குறைவு.

இதில் ஒன்றுதான் எனக்கு விளங்குவதில்லை. சைவம் சாப்பிடுகிறவர் என்னைப் பார்த்து, "எப்படி மனசு வருது?" என்று கேட்டால் நியாயம், தலை குனிந்து கேட்டுக்கொள்வேன். ஆனால் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு ஊதிவருகிற பிராய்லரை வாராவாரம் கடையில் வாங்கித் தின்கிறவர், கொல்லையில் ஐந்து மாதம் மண் குளித்து, வெயில் காய்ந்து, கரப்பான் பூச்சியைத் துரத்தித் தின்று வளர்ந்த சேவலை நான் அறுத்ததற்குப் பரிதாபப்படுவது எந்த ஊர் நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் தம்பியிடம் கேட்டேன். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் கோழியும் அடங்கும். உணவுக்காகக் கொல்வதை அந்தச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை, தேவையில்லாத வேதனை கொடுக்கக் கூடாது என்கிறது. வேதனை உண்டாகிற மாதிரி தூக்கிச் செல்வது குற்றம். பசி தாகத்தில் தவிக்கிற மாதிரி காரணமில்லாமல் கைவிட்டுவிடுவதும் குற்றம். ஆக, குழம்பு வைத்தவரை விட்டுவிட்டு, "பாவம், கொல்ல மனசு வரல" என்று சேவலைத் தெருவில் விட்டவரைத்தான் அந்தச் சட்டம் பிடிக்கும்.

அப்படி விடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். முருகனுக்குச் சேவல் காணிக்கை விடுவது பழைய வழக்கம். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கோழி நேர்ந்துகொள்வதும் உண்டு. பக்தியோடு விடுகிறவர்களை நான் சொல்லவில்லை. ஃபிளாட்டுக்கு மாறுகிற அவசரத்தில் வீட்டுச் சேவலை ஏதோ ஒரு கோயில் மதில் ஓரம் இறக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். வீட்டில் வளர்ந்த சேவலுக்குத் தெரு நாய் என்றால் என்னவென்று தெரியாது. விடிவதற்குள் மயிர்தான் கிடக்கும். 2003-இல் கோயில்களில் ஆடு, கோழி பலியிடக் கூடாது என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். பெரிய எதிர்ப்பு வந்து அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். பலி கொடுப்பதைப் பற்றி அவ்வளவு பேசினோம். கைவிடப்படுகிற கோழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஃபிளாட் என்றதும் இன்னொன்று. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு எங்கள் பக்கம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுவது வேகமாக நடக்கிறது. மெட்ரோ வந்தது நல்லதுதான், என் மருமகன் வேலைக்கு அதில்தான் போகிறார். ஆனால் கொல்லை போய்விட்டது. நாலரை மணிக்குக் கூவுகிற சேவலை மூன்றாவது மாடிக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. மொட்டை மாடியில் வளர்க்கலாம் என்கிறவர்கள் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் அந்தத் தளத்தில் வெறுங்காலோடு நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். இடம் இல்லையென்றால் வளர்க்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.

எங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு கவலை தனியாக உண்டு. கோழி மண்ணைக் கிளறித் தின்கிற ஜீவன். மண்ணில் இருப்பது முட்டையிலும் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்ப் பக்கம் வீட்டுச் சுவரெல்லாம் கறுத்துப்போனது நினைவிருக்கும். எர்ணாவூரில் இருக்கிற என் தங்கை தன் கோழிகளைப் படிக்கட்டில் ஏற்றிக் காப்பாற்றினாள். தண்ணீர் வடிந்த பிறகும் ரொம்ப நாள் அந்த முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை, கோழியையும் அறுக்கவில்லை. அவள் வீட்டில் கோழிகள் செல்லப்பிராணி ஆனது அப்படித்தான். ஆலை ஓரத்திலும், குப்பை எரிக்கிற இடத்திலும், கழிவுக் கால்வாய்க் கரையிலும் கோழி மேய விடுகிறவர்கள் 'நாட்டுக்கோழி, சுத்தமானது' என்று கண்ணை மூடிக்கொண்டு தின்னாதீர்கள். கூட்டுக்குள் நல்ல மண் கொட்டி, தீனி தட்டில் வையுங்கள்.

தின்னுகிறவருக்கும் கொஞ்சுகிறவருக்கும் பொதுவான எதிரி வெள்ளைக் கழிச்சல். கோழி தூங்கி வழியும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், இரண்டு மூன்று நாளில் கூடே காலி. வந்த பிறகு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். இரண்டு மாதம் ஆனதும் ஊசி. இதில் ஒரு சிக்கல்: மருந்துக் குப்பி நூறு கோழிக்கும் மேலான அளவில் வரும். கலக்கினால் ஐஸில் வைத்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நாலு கோழி வைத்திருக்கிறவர் தனியாக வாங்கி என்ன செய்வார்? எங்கள் தெருவில் கோழி வைத்திருக்கிற வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்கிறோம். கிராமங்களில் பிப்ரவரி மாதம் இதற்கென்றே இருவார முகாம் நடக்கிறது. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, கால்நடைப் பல்கலைக்கழகம் மாதவரத்தில் இருக்கிறது. இரண்டும் நமக்குப் பக்கத்தில். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, மணலி, வியாசர்பாடி என்று வார்டுக்கு ஒரு நாள் அதே முகாமைப் போட்டால் கூடையோடு வந்து நிற்க ஆள் இருக்கிறார்கள். இதை உரியவர்கள் கண்ணில் படுகிற மாதிரி நீங்கள் பிரசுரித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இனி பெரம்பூர் வாசகருக்கு. ஐந்து பெட்டைக்கும் பெயர் வைத்தாயிற்று, பிள்ளைகளே கூடு கழுவுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் தீர்ப்பு முடிந்தது, பெட்டைகளை விட்டுவிடுங்கள். அம்மாவிடம் முட்டைக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். எந்த முட்டை யாருக்கு என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும், பாதிக் கோபம் அதிலேயே போய்விடும். இனி அடை வைக்காதீர்கள். சேவல் இரண்டு அங்கே தாங்காது. எதை வைத்துக்கொள்வது என்று பிள்ளைகளே சொல்லட்டும். இன்னொன்றை அவர்கள் சம்மதத்தோடு அறுங்கள், அல்லது எங்கள் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், வாங்கிக்கொள்கிறேன். முகவரி பத்திரிகை அலுவலகத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே ரோஸி இருக்கிறது, ஆடி வருகிறது, என் மருமகனும் இருக்கிறார். வந்தால் அந்தச் சேவல் எங்கள் வீட்டுச் சட்டத்துக்குள் வரும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.